விளையாட்டில் ஜெயித்தால் அந்தஸ்தும் கூடவே வந்துவிடுமா?

திறமை இருந்தால் போதாதா, விளையாட்டில் அந்தஸ்து எங்கே வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். திறமைக்குப் புகழ் வரும், பணமும் வரலாம். ஆனால் அந்தஸ்து கொடுக்கிறவர்கள் ஸ்கோர்போர்டை மட்டும் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதியில் நடக்கும் ஹென்லி படகுப் போட்டியையே பாருங்கள். கூலிவேலையோ கைத்தொழிலோ செய்து பிழைப்பவர் அமெச்சூர், அதாவது காசுக்காக இல்லாமல் ஆடுகிறவர், என்ற கணக்கிலேயே வரமாட்டார் என்று அங்கே ஒரு பழைய விதி இருந்தது. உழைத்து உரமேறிய உடம்போடு கனவான்கள் மோதினால் நியாயமில்லையாம்! 1920-இல் அமெரிக்காவின் ஜான் கெல்லி அங்கே போட்டியிட விண்ணப்பித்தார், நிராகரித்துவிட்டார்கள். அவருடைய கிளப் மீது ஏற்கெனவே இருந்த தடை ஒரு காரணம், அவர் கொத்தனார் வேலை பார்த்தவர் என்பது இன்னொன்று. அந்த வருஷமே ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் ஜெயித்த ஜாக் பெரஸ்ஃபோர்டையே முந்திக்கொண்டு தங்கம் வாங்கினார் மனிதர். 1947-இல் அவர் மகன் ஹென்லியில் ஜெயித்தார், ஆனால் அதற்குள் அந்த விதியும் போயிருந்தது, அப்பாவும் பெரிய காண்ட்ராக்டராகிக் கோடீஸ்வரராகிவிட்டார்.

கிரிக்கெட்டும் லேசுப்பட்டதில்லை. இங்கிலாந்தில் 1962 வரை அமெச்சூர் தனி, சம்பளக்காரர் தனி. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், சம்பளக்காரருக்குப் பின்னால்.

இப்போது காசு வாங்கி ஆடுவதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை, சரி. ஆனால் வாசலில் காவல் போடும் புத்தி போகவில்லை. 2019-இல் அமெரிக்காவில் வெளிவந்த கல்லூரி அட்மிஷன் மோசடியில், வசதியான பெற்றோர் லஞ்சம் கொடுத்துத் தங்கள் பிள்ளைகளைப் படகோட்டம், வாட்டர் போலோ வீரர்களாகக் காட்டினார்கள். துடுப்பே போடாத பிள்ளையை உடற்பயிற்சி மெஷினில் உட்கார வைத்து போட்டோ எடுத்தது வரை நடந்தது. விளையாட்டு வீரர் என்றால் அட்மிஷனில் சலுகை உண்டு, ஆகவே அந்த வழியாக நுழைவது சுலபம் என்பது அவர்கள் கணக்கு.

ஓட்டத்துக்கு ஷூ இருந்தால் போதும் என்பீர்கள். அங்கேயும் எந்த ஊர் மாரத்தான், கையில் என்ன வாட்ச் என்ற பேச்சு வந்துவிட்டது. டோக்கியோ, பெர்லின், லண்டன் என்று மெடல் சேர்க்கிறவர் ஐந்து மணி நேரம் ஓடினாலும் ஆபீஸில் அவருக்குத்தான் மவுசு. பத்து கிலோமீட்டரை 35 நிமிஷத்தில் முடிக்கிற செக்யூரிட்டியிடம் எத்தனை பேர் ஓட்டத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள்?