'பிலீஃப்' என்ற சொல்லுக்கு எப்போதும் 'நம்பிக்கை' என்றே எழுதலாமா?

கேள்வி: சமயங்களைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பிலீஃப், ஃபெய்த், டிரஸ்ட் ஆகிய மூன்றும் ஒரே பத்தியில் வரும்போது எல்லாவற்றுக்கும் 'நம்பிக்கை' என்றே எழுத நேர்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால், 'பிலீஃப்' என்பதற்கு 'நம்பிக்கை' எவ்வளவு பொருத்தமானது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. 'பிலீஃப்' என்பதன் பகுதி, அன்பு, விருப்பம் என்னும் பொருளுடைய மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. 'லவ்' என்ற சொல்லும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே. தமிழிலும் கதை ஏறத்தாழ இதுதான். 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்று தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்பதற்கு விருப்பம் என்றே பொருள் சொல்கிறது. அகநானூற்றின் 198ஆம் பாடலில், பரணர் காட்டும் தலைவி, 'நயந்துநாம் விட்ட நன்மொழி நம்பி' நள்ளிரவில் தலைவனிடம் வருகிறாள். இங்கே 'நம்பி' என்பதற்கு 'விரும்பி' என்பதே பழைய உரை; எனினும் இன்று படிப்பவருக்கு 'நம்பிக்கை வைத்து' என்று தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் ஒரு பொருள் மற்றொன்றாக மாறும் இடம் இப்படிப்பட்ட வரிகளில்தான் இருந்திருக்க வேண்டும். இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே விருப்பத்திலிருந்து நம்பிக்கைக்கு வந்திருக்கின்றன.

'ஃபெய்த்' இலத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கடவுள்பால் கொள்ளும் பற்றுறுதியை அது எடுத்துக்கொண்டதால், ஒன்றை உண்மையென மனம் ஏற்பது என்ற பொருள் நாளடைவில் 'பிலீஃப்' வசம் தங்கியது. ஆகவே 'ஃபெய்த்' என்பதை எந்தச் சமயத்தின் பேச்சில் வருகிறது என்று பார்த்து மொழிபெயர்க்க வேண்டும்: கிறித்தவர்களுக்கு 'விசுவாசம்', இசுலாமியர்களுக்கு 'ஈமான்'. பொதுவான இடங்களில் 'விசுவாசம்' என்று எழுதினால் எசமானிடம் காட்டும் விசுவாசம் நினைவுக்கு வந்துவிடும். வடமொழியின் 'சிரத்தா' மூலத்தில் இருந்தால் 'சிரத்தை' என்று எழுதும் ஆசை எழும். தமிழர் காதில் அது 'சிரத்தையாகப் படி' என்பதில் உள்ள ஊக்கம்தான்.

'டிரஸ்ட்' என்பதற்குத் திருக்குறள் 'தெளிதல்', 'தேறுதல்' என்கிறது. அருமையான சொற்கள்தாம், ஆனால் 'தேறினான்' என்றால் இன்று தேர்வில் தேறியவனோ நோயிலிருந்து மீண்டவனோதான் நினைவுக்கு வருவான். எனவே இவ்விடத்தில் புதுச்சொல் தேடாமல் இலக்கணத்தை நாடுங்கள். 'கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறார்' என்பது பிலீஃப். 'கடவுளை நம்பியிருக்கிறார்' என்பது டிரஸ்ட். 'என்று' வந்தால் கருத்து, 'ஐ' உருபோ 'மீது' என்ற சொல்லோ வந்தால் சார்பு. ஒரே வினையைக் கொண்டு தமிழ் இந்த வேறுபாட்டை எளிதாகக் காட்டிவிடுகிறது.

இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் வருவதுபோல் பிலீஃபும் ஃபெய்தும் வெறும் பெயர்ச்சொற்களாக அடுத்தடுத்து நின்றால் இந்த உத்தி உதவாது. அங்கே முதலாவதற்கு 'நம்பிக்கை', இரண்டாவதற்குச் 'சமயப்பற்று' என்று எழுதுவேன்.