வெக்கையும் பூக்குழியும்: ஒரே வெயில், இரண்டு வீடு

பழைய நாவல் ஒன்று, இந்தக் காலத்து நாவல் ஒன்று, இரண்டையும் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பழையதில் பூமணியின் ‘வெக்கை’ (1982). புதியதில் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013). அடுத்தடுத்துப் படித்ததால் என் மனதில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

வெக்கையைத் தழுவி எடுத்த ‘அசுரன்’ படத்தை 2019இல் பார்த்த பிறகுதான் நாவலைத் தேடி வாங்கினேன். சண்டையும் பழிவாங்கலும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும் என்று நினைத்துப் பிரித்தால், கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டப் பார்த்த பதினைந்து வயதுச் சிதம்பரம், ஆளையே சாய்த்துவிடுகிறான். அதற்குப் பிறகு நாவல் முழுக்க அப்பனும் மகனும் கரிசக்காட்டில் ஒளிந்து திரிவதுதான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த இடத்தில் பொங்கித் தின்னலாம், எந்தப் பாறை இடுக்கில் படுக்கலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய கவலை. எங்கள் ஊரும் கோவில்பட்டிப் பக்கம்தான். அந்த ஓடையும் முள்ளும் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன், ஒரு செடியைக்கூடப் பூமணி சும்மா நட்டு வைக்கவில்லை.

என்னை உலுக்கியது வேறொன்று. அந்தக் குடும்பத்தில் ஒருவரும் பையனைப் பழிக்கவில்லை. அம்மா, மாமா, அத்தை எல்லாரும் கை கோத்து அவனைக் காப்பாற்றுகிறார்கள். மனிதனைக் கொன்றுவிட்டு வந்தவனுக்கு வீடு இருக்கிறது.

பூக்குழியில் யாரையும் எதுவும் செய்யாத சரோஜாவுக்கு வீடு இல்லை. சோடாக்கடைத் தொழில் பழகிய குமரேசன், தோலூரில் பார்த்துப் பிடித்துப்போன வேறு சாதிப் பெண்ணான அவளைக் கல்யாணம் செய்து தன் ஊர் காட்டுப்பட்டிக்குக் கூட்டி வருகிறான். பாறைமேல் கட்டிய வீடு. வெயில் மேலிருந்தும் இறங்குகிறது, கீழிருந்தும் ஏறுகிறது. உள்ளே மாமியார் மாராயி ஒப்பாரி வைத்து வைத்தே மருமகளைக் கொல்கிறாள். வெளியே போனால் நீ என்ன சாதி என்ற கேள்வி.

இரண்டு நாவலிலும் சாதிப் பெயர் சொல்லப்படவில்லை. ‘அசுரன்’ வெளிப்படையாகப் பேசிய விஷயம் வெக்கையில் மண்ணுக்கடியில் கிடக்கிறது. முதலில் அது எனக்குக் குறையாகப் பட்டது. பூக்குழி படித்த பிறகு மாற்றிக்கொண்டேன். பெயர் இல்லாதபோது ‘இது அவங்க ஊர்க் கதை’ என்று ஒதுங்க வழியில்லை. மாராயி பேசும்போது எனக்குத் தெரிந்த நாலைந்து கிழவிகளின் குரல்தான் கேட்டது.

பூக்குழியில் எனக்கொரு மனக்குறை உண்டு. ஊரார் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகிறார்கள். கொஞ்சம் தடுமாறுகிற ஆள் இன்னும் இரண்டு பேர் இருந்திருக்கலாம். வெக்கையில் ஓரமாக வந்துபோகிறவருக்குக்கூடத் தனி முகம் இருக்கிறது. என் தராசில் வெக்கை ஒரு படி மேலேதான்.

பூக்குழியின் கடைசிப் பக்கங்களைச் சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள். அம்மாவிடமும் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துத் திருப்பித் தந்தார். “அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லாமப் போச்சே” என்றார். அன்றைக்கு முழுக்க வேறு எதுவும் பேசவில்லை.