முதல் பேட்ச் அனுப்பும் வரை: திறமூலப் பயிற்சி, வாசகர் கேள்வி பதில்

திறமூல மென்பொருளுக்கு (மூல நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய மென்பொருள்) பங்களிக்கப் புதிதாக வருபவர்களும், அவர்களுக்கு இணையவழியில் பயிற்சி நடத்துபவர்களும் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி: இருபது பேருக்கு இணையத்தில் இரண்டு மணி நேரப் பயிற்சி நடத்தினோம். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளை நிறுவவும் கணக்கில் நுழையவுமே ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. ஒருவர்கூட புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பவில்லை. அடுத்த முறை எதை மாற்றுவது?

பதில்: நிறுவல் வேலையைப் பயிற்சி நேரத்துக்குள் கொண்டுவரவே கூடாது. ஒரு வாரம் முன்பே பட்டியல் அனுப்பிவிடுங்கள். 'நிறுவிவிட்டீர்களா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு படியிலும் திரையில் என்ன வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'கிட் --வெர்ஷன்' அடித்தால் பதிப்பு எண் வர வேண்டும். 'கிட் கான்ஃபிக் --லிஸ்ட்' அடித்தால் அவருடைய பெயரும் மின்னஞ்சலும் வர வேண்டும். பிறகு ரெப்போவை (திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்) இறக்கி, எதையும் தொடாமல் டெஸ்ட்களை (நிரல் சரியாக இயங்குகிறதா என்று தானாகச் சோதிப்பவை) ஓட்டி, கடைசி வரியைப் படியெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த வரி வராதவர்களுக்காக மட்டும் இரண்டு நாள் முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ரெப்போக்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் 2021 ஆகஸ்ட் 13 முதல், புஷ் செய்ய (மாற்றங்களைத் தளத்துக்கு ஏற்ற) கணக்கின் கடவுச்சொல் செல்லாது. டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தளம் தரும் நீண்ட குறியீடு) எடுக்க வேண்டும், இல்லையென்றால் எஸ்எஸ்எச் சாவி (உங்கள் கணினியை அடையாளம் காட்டும் கோப்பு இணை) உருவாக்கிக் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் சரியான கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்கள். எஸ்எஸ்எச் சாவியைச் சோதிக்கும்போது, பயனர் பெயரோடு ஒரு வணக்கமும், கூடவே 'ஷெல் அணுகல் தருவதில்லை' என்ற வரியும் வரும். அதைப் பிழை என்று நினைத்துச் சாவியை அழித்துவிடுபவர்கள் உண்டு. அந்த வரி வந்தால் சாவி வேலை செய்கிறது என்று பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது விண்டோஸ். ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருப்பார். எது மாறியது என்று காட்டும் 'கிட் டிஃப்' கட்டளையோ கோப்பு முழுவதையும் மாறியதாகக் காட்டும். வரி முடியும் இடத்தில் விண்டோஸ் வைக்கும் குறி வேறு, லினக்ஸ் வைக்கும் குறி வேறு என்பதுதான் காரணம். 'கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்' அமைப்பை 'ட்ரூ' என்று வைத்துவிட்டு ரெப்போவைப் புதிதாக இறக்கினால் சரியாகிவிடும். கமிட் செய்யும் (மாற்றத்தைக் கிட்டில் பதியும்) முன் 'கிட் டிஃப்' பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஊட்டிவிட்டால், இதுபோன்ற தவறுகளில் பாதி வெளியே போகாது.

பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தையும் யோசித்துப் பாருங்கள். லிப்ரெஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் அருமையான திட்டம்; புதியவர்களுக்கென்றே 'ஈஸி ஹேக்ஸ்' பட்டியல் வைத்திருக்கிறது. ஆனால் அதை முதல் முறை பில்ட் செய்ய (மூல நிரலை இயங்கும் மென்பொருளாக்க), சாதாரண மடிக்கணினியில் பல மணி நேரம் ஆகும். முதல் அமர்வுக்குச் சில நிமிடங்களில் பில்ட் ஆகும் சின்னத் திட்டமே நல்லது. பெரிய ரெப்போதான் வேண்டும் என்றால், பில்ட் தேவைப்படாத ஆவணத் திருத்தத்தைக் கொடுங்கள். வரலாறு முழுவதையும் இறக்காமல் ரெப்போவை இறக்கும் குளோன் கட்டளையோடு '--டெப்த் 1' சேர்க்கச் சொல்லுங்கள். மெதுவான இணைப்பில் இருப்பவருக்கு அது பெரிய உதவி.

இருபது பேருக்கு ஒரே பயிற்றுநர் போதாது. ஐந்து பேருக்கு ஒரு உதவியாளர் வேண்டும். ஜிட்சி, பிக்ப்ளூபட்டன் என்ற காணொலிக் கூட்ட மென்பொருள்களில் தனி அறைகளாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. திரையைப் பகிர வேண்டியவர் கற்பவர். உதவியாளர் வாயால் மட்டுமே வழி சொல்ல வேண்டும். அவர் கையில் கீபோர்டு போனால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் கற்பவருக்குக் கை பழகாது.

கேள்வி: கமிட் வரை எல்லாம் சரியாக நடந்தது. புஷ் செய்தால் அனுமதி இல்லை, 403 என்று வருகிறது. என்ன தவறு?

பதில்: உங்கள் ஃபோர்க்கை (உங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ரெப்போ நகல்) விட்டுவிட்டு மூல ரெப்போவை குளோன் செய்திருக்கிறீர்கள். 'கிட் ரிமோட் -வி' அடித்துப் பாருங்கள்; 'ஆரிஜின்' முகவரியில் உங்கள் பயனர் பெயர் இருக்காது. செய்த வேலை எங்கும் போய்விடவில்லை, மறுபடி குளோன் செய்யத் தேவையில்லை. 'கிட் ரிமோட் ரீநேம் ஆரிஜின் அப்ஸ்ட்ரீம்' என்று பழையதன் பெயரை மாற்றுங்கள். தளத்தில் ஃபோர்க் பொத்தானை அழுத்தி, அதன் முகவரியை 'கிட் ரிமோட் ஆட் ஆரிஜின்' கட்டளையோடு சேருங்கள். பிறகு 'கிட் புஷ் -யு ஆரிஜின்' என்று அடித்து உங்கள் பிராஞ்சின் (கிளையின்) பெயரைக் கொடுங்கள். முகவரியில் உங்கள் பெயரே இருந்தும் 403 வந்தால், டோக்கனுக்கு எழுதும் உரிமை கொடுக்காமல் விட்டிருப்பீர்கள்.

கேள்வி: பயிற்சிக்கு வருபவர்கள் எல்லாரும் ஒரே திட்டத்துக்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாமா?

பதில்: பராமரிப்பாளர்களைக் கேட்காமல் அனுப்பவே கூடாது. 2020 அக்டோபரில், புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோருக்கு டி-ஷர்ட் பரிசளித்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு நடந்தபோது, டி-ஷர்ட்டுக்காக ஒரு சொல்லை மட்டும் மாற்றிய புல் ரிக்வெஸ்ட்கள் திட்டங்களில் வந்து குவிந்தன. அவற்றை மூடுவதே பராமரிப்பாளர்களுக்கு வேலையாகிவிட, அந்த மாதத்திலேயே விதி மாறியது: தாமாக முன்வந்து பதிந்துகொண்ட திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும். ஒரு மாலையில் இருபது புல் ரிக்வெஸ்ட் வந்தால், பெரும்பாலும் தன் சொந்த நேரத்தில் உழைக்கும் ஒருவர்தான் அத்தனையையும் படிக்க வேண்டும். முன்கூட்டியே எழுதி, தேதியைச் சொல்லி, எத்தனை இஷ்யூ (திட்டத்தில் பதிந்திருக்கும் பிழை அல்லது வேலை) ஒதுக்க முடியும் என்று கேளுங்கள். ஐந்து என்று பதில் வந்தால், நான்கு பேருக்கு ஓர் இஷ்யூ என்று குழுவாகச் செய்யுங்கள். மற்ற பழக்கமெல்லாம் உங்கள் சொந்தப் பயிற்சி ரெப்போவில் நடக்கட்டும்.

கேள்வி: 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர்களுக்கு ஏற்றது) என்ற லேபிளைப் பார்த்து ஓர் இஷ்யூவை எடுத்தேன். ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டாராம். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: லேபிளை மட்டும் நம்பாதீர்கள். இஷ்யூவைக் கடைசிக் கருத்திலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். யாராவது இணைத்த புல் ரிக்வெஸ்ட் இருக்கிறதா, யார் பெயரிலாவது ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். திட்டத்தில் கடைசியாக ஒரு மாற்றம் மெர்ஜ் ஆனது (சேர்க்கப்பட்டது) எப்போது என்பதையும் பாருங்கள். ஓராண்டாக எதுவும் மெர்ஜ் ஆகவில்லை என்றால் வேறு திட்டம் தேடுவதே மேல்.

கேள்வி: புல் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பத்து நாளாகிறது. பதிலே இல்லை.

பதில்: முதலில் கீழே சிவப்புக் குறி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்ட் தோற்றிருக்கும், அல்லது 'சைன்ட்-ஆஃப்-பை' வரி இருக்காது. அந்த மாற்றத்தைத் தர உங்களுக்கு உரிமை உண்டு என்று உறுதியளிக்கும் வரி அது. லினக்ஸ் கெர்னலில் (அந்த இயங்குதளத்தின் மையப்பகுதி) 2004-இல் தொடங்கிய வழக்கம், இன்று பல திட்டங்களில் கட்டாயம். 'கிட் கமிட் --அமெண்ட் --சைன்ஆஃப்' அடித்து, 'கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ்' கொடுத்தால் போதும். '--சைன்ஆஃப்' என்பதைச் சுருக்கமாக அடிப்பதானால் '-எஸ்' என்று சின்ன எஸ். பெரிய எஸ் போட்டால் அது சாவியால் கையொப்பமிடும் வேறு வேலை. பல கமிட்கள் இருந்தால் 'கிட் ரீபேஸ் --சைன்ஆஃப்' கட்டளையோடு மூலக் கிளையின் பெயரைக் கொடுங்கள்.

எல்லாம் பச்சையாக இருந்தால், 'இதில் நான் திருத்த வேண்டியது ஏதும் உண்டா?' என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். பேட்ச் (திருத்தம்) அனுப்பிவிட்டுக் குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்த பிறகே நினைவூட்டச் சொல்கிறது கெர்னல் ஆவணம். அதையே எல்லாத் திட்டங்களுக்கும் அளவாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பயிற்சிக்கு வரலாமா?

பதில்: தாராளமாக. நிறுவல் வழிகாட்டியை அதில் எழுதியிருக்கிறபடியே செய்து பார்த்து, எந்தப் படியில் நின்றது, திரையில் என்ன பிழை வந்தது, உங்கள் இயங்குதளத்தின் பதிப்பு என்ன என்று இஷ்யூவாக எழுதுங்கள். பழகியவர்கள் அந்த வழிகாட்டியைத் திறந்தே பார்ப்பதில்லை. அதிலுள்ள ஓட்டை புதியவர் கண்ணில்தான் படும்.