எந்த விதியில் சேர்க்கிறார்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோர் கேள்விகள்

மாங்காய் மண்டிகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில்தான் பள்ளிச் சேர்க்கையும் நடக்கிறது. இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் போட்டி மிகுந்த அரசுப் பள்ளிகளைப் பற்றியவை. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணித ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து, சேர்க்கைக் குழுக்களில் பலமுறை உட்கார்ந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மகன் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 8ஆம் வகுப்பு படிக்கிறான். அரசின் தங்கிப் படிக்கும் மாதிரிப் பள்ளிக்கு ஆசைப்படுகிறான். மாவட்டம் முழுவதற்கும் ஒரே தேர்வு, ஒரே தரவரிசை என்றால் டவுன் பிள்ளைகளுக்குத்தானே இடம் போகும்? இது நியாயமா? – ஒரு தந்தை, பென்னாகரம் வட்டம்

முழு நியாயம் இல்லை என்பதே என் கருத்து. தேர்வே கூடாது என்று சொல்லவில்லை. தேர்வு இல்லாவிட்டால் சிபாரிசு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஒரே தரவரிசை என்பது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்திலிருந்து ஓடத் தொடங்கியதாக எண்ணிக்கொள்கிறது.

ஒருமுறை ஒரு நுழைவுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தினேன். மெட்ரோ ரயிலில் பயண அட்டைக்கு 10 சதவீதத் தள்ளுபடி என்று ஒரு கணக்கு. ஏரியூர் பக்கத்துப் பையன் ஒருவன் அதைத் தொடவே இல்லை. பக்கத்தில் பென்சிலால் ‘பயண அட்டை என்றால்?’ என்று எழுதி அழித்திருந்தான். அழித்த தடம் தெரிந்தது. அடுத்த கணக்கு புளி வியாபாரத்தில் லாப நட்டம். அதே சதவீதம்தான். அதை இரண்டே வரியில் போட்டுவிட்டான். அந்த ஒரு மதிப்பெண்ணைப் பறித்தது கணக்கு அறியாமை அல்ல.

இதே தகராறு அமெரிக்காவிலும் பல ஆண்டுகளாக நடக்கிறது. நியூயார்க்கின் புகழ்பெற்ற அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரே தேர்வு மதிப்பெண்தான் செல்லும் என்று 1971இல் மாநிலச் சட்டமே போட்டுவிட்டார்கள். சிகாகோவில் வேறு வழி. 30 சதவீத இடங்கள் நகரம் முழுவதற்குமான தரவரிசைக்கு. மீதி இடங்களை, குடும்பங்களின் பொருளாதார நிலையை வைத்து நான்காகப் பிரித்த பகுதிகளுக்குப் பங்கிட்டார்கள். வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் பள்ளி 2020இல் நுழைவுத் தேர்வையே கைவிட்டு, ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளியின் 8ஆம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீதத்துக்குச் சமமான இடங்களை அந்தந்தப் பள்ளிக்கே ஒதுக்கியது. வழக்கு நடந்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது; 2024இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு: பிள்ளையை அவனோடு ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பத்துப் பத்து ஒன்றியங்கள் உள்ளன. பாதி இடங்களை மாவட்டத் தரவரிசைக்கும் பாதியை ஒன்றியவாரியாகவும் கொடுத்தால் பென்னாகரத்துப் பிள்ளை பென்னாகரத்துப் பிள்ளையோடு போட்டியிடுவான். நான் இப்படித்தான் செய்வேன்.

உங்கள் மகனைக் கோச்சிங்குக்கு அனுப்ப வேண்டாம். 6 முதல் 8 வரையிலான கணக்கு, அறிவியல் பாடநூல்களின் பயிற்சிகளை ஒன்று விடாமல் அவனே போட்டுப் பார்க்கட்டும்.

ஓசூரில் ஒரு தனியார் பள்ளி 6ஆம் வகுப்பில் சேர்க்க என் மகளுக்குத் தேர்வு வைத்தது. எங்களிடமும் என்ன படித்தீர்கள் என்று கேட்டார்கள். இப்படிச் செய்யலாமா? – ஒரு தாய்

கூடாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, 8ஆம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்விச் சேர்க்கையில் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டுவதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அதன்பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. தேதி, நேரம், யார் கேட்டார்கள் என்பதை எழுதி மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிளஸ் 1 முதல் குரூப்பில் என் அண்ணன் மகள் பட்டியலில் மூன்றாவது. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அவளை அந்த ஒதுக்கீட்டில் வைத்துவிட்டார்கள். அதனால் அதே வகுப்பைச் சேர்ந்த இன்னொரு பெண்ணுக்கு இடமில்லை என்கிறார்கள். சரியா? – அரூர்

தவறு. இந்தத் தவறு பல இடங்களில் யாரும் வேண்டுமென்று செய்யாமலேயே நடக்கிறது. அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

100 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் மாநிலத்தின் 69 சதவீதம் இப்படிப் பிரிகிறது: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுப் பிரிவு. பொதுப் பிரிவு என்பது எந்தச் சாதிக்கும் எழுதி வைத்த இடம் அல்ல. மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 31 பேர், எந்த வகுப்பினராக இருந்தாலும், முதலில் அங்கே நிரப்பப்பட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பிரிவின் பட்டியலும் தொடங்க வேண்டும்.

மூன்றாவதாக வந்த பெண் பொதுப் பிரிவில்தான் வர வேண்டும். அவளை ஒதுக்கீட்டுக்குள் இழுத்தால் ஒதுக்கீடு இடம் தரும் ஏற்பாடாக இல்லாமல், இதற்குமேல் வராதே என்று தடுக்கும் வேலியாகிவிடுகிறது. பட்டியலைத் திருத்தச் சொல்லித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். கோபமாக அல்ல, பெரும்பாலும் பட்டியல் போட்டவருக்கே விதி தெரிந்திருக்காது. அந்த இன்னொரு பெண்ணின் வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.

மலைக் கிராமத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருவதற்குள் இடம் முடிந்துவிடுகிறது. பழங்குடியினர் சான்றும் கையில் இல்லை. – ஓர் இளைஞர், சித்தேரி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு ஜூன் மாதக் காலை நினைவுக்கு வந்தது. நான் அப்போது பணியாற்றிய பள்ளியில் முதலில் வருபவருக்கு முதலிடம் என்று விதி. காலை 10 மணிக்குச் சேர்க்கை தொடங்கியது. மலையிலிருந்து ஒரு தகப்பனார் மகளோடு பதினொன்றரைக்கு வந்தார். மஞ்சள் பையில் மதிப்பெண் பட்டியல், அதற்கு மேல் மழை படாமலிருக்க ஒரு பாலித்தீன் உறை. முதல் குரூப் நிரம்பிவிட்டது என்றோம். கடைசியாக இடம் வாங்கிய பையனைவிட அந்தப் பெண்ணுக்கு எண்பது மதிப்பெண் அதிகம். ‘பஸ் அப்பத்தாங்கய்யா வந்துச்சு’ என்று மட்டும் சொன்னார். உறையை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் அது என்னை விடவில்லை.

முதலில் வருபவருக்கு முதலிடம் என்பது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கான விதி. விண்ணப்பங்களை ஒரு வாரம் வாங்கி, பிறகு மதிப்பெண், இனச்சுழற்சி (வகுப்புவாரி ஒதுக்கீடு) முறையில் பட்டியல் போட வேண்டும். உங்கள் ஊராட்சியிலிருந்து ஒரு தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு மே மாதமே அனுப்புங்கள்.

சான்றைப் பொறுத்தவரை, பழங்குடியினர் சான்று வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணை முடிய நாளாகும். பிள்ளை 7ஆம் வகுப்பில் இருக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டை வைத்திருங்கள். சான்று வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையே மறுக்கப்படுவது அநியாயம்; ஒப்புகைச் சீட்டை வைத்துத் தற்காலிகமாகவாவது சேர்க்கச் சொல்லி வலியுறுத்துங்கள். 8ஆம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ திருப்பி அனுப்பவும் சட்டத்தில் இடமில்லை.

எங்கள் பிள்ளைகள் தெலுங்கு, கன்னட வழியில் படிக்கிறார்கள். தேர்வுத் தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால்? – தளி

கணக்கைச் சோதிக்கும் தாள் மொழியைச் சோதிக்கக் கூடாது. சைனிக் பள்ளிகளின் 6ஆம் வகுப்பு நுழைவுத் தேர்வை 13 மொழிகளில் எழுதலாம்; தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அதில் உண்டு. அகில இந்திய அளவில் முடிவது ஒரு மாவட்டத்துக்கு முடியாதா? (அதே சைனிக் பள்ளியின் 9ஆம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். அமராவதி நகர் சைனிக் பள்ளிக்கு முயல்பவர்கள் 6ஆம் வகுப்பிலேயே முயலுங்கள்.) தமிழைப் பிள்ளைகள் நன்றாகக் கற்கட்டும், அது அவர்களுக்கு வேண்டும். ஆனால் ஓர் இடத்துக்கான போட்டியில் அதைத் தடையாக வைக்கக் கூடாது.

மகள் 8 வரை தனியார் பள்ளி. 9இல் அரசுப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா? – ஊத்தங்கரை

கிடைக்காது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2021இல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு வந்த ஒதுக்கீடும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கானதே.

நன்றாகப் படிக்கும் இரண்டு, மூன்று பேரையும் மாதிரிப் பள்ளி எடுத்துக்கொள்கிறது. எங்கள் பள்ளி என்ன ஆவது? – ஒரு தலைமையாசிரியை, காரிமங்கலம் ஒன்றியம்

உங்கள் வருத்தம் புரிகிறது. கரும்பலகையில் தினமும் குறள் எழுதியவள் போய்விட்டால் வகுப்பின் குரலே மாறிவிடும். ஆனால் 2021-22இல் பத்து மாவட்டங்களில் தொடங்கி இன்று 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்ட இந்தத் தங்கிப் படிக்கும் பள்ளிகளால், வீட்டில் படிக்க ஒரு விளக்கு இல்லாத பிள்ளைகள் பெரிய கல்லூரிகளுக்குப் போகிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்க வேண்டியது வேறு. பிள்ளையை அனுப்பிய பள்ளியின் தேர்ச்சியை அலுவலர் கூட்டங்களில் மட்டம் தட்டிப் பேசக் கூடாது. அங்கே நடக்கும் சிறப்பு வகுப்புகளின் பாடக் குறிப்புகளும் பயிற்சித் தாள்களும் உங்கள் பள்ளிக்கும் வர வேண்டும். எழுதிக் கேளுங்கள்.

மகளுக்கு ஒரு மதிப்பெண்ணில் இடம் போனது என்கிறார்கள். விடைத்தாளைப் பார்க்க முடியுமா? – காவேரிப்பட்டணம்

முடியும். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துள்ளது. தேர்வை நடத்திய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். நான்கு கேள்விகள் போதும்: விடைத்தாள் நகல், விடைக் குறிப்பு, ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் பெற்ற மதிப்பெண், சம மதிப்பெண் வந்தால் யாருக்கு முன்னுரிமை என்ற விதி தேர்வுக்கு முன்பே எழுதப்பட்டிருந்ததா. நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.