மருத்துவர்கள் ஒரே மருத்துவமனையில் நிலைத்துப் பணியாற்ற நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்?

80 படுக்கைகள் உள்ள உங்கள் மருத்துவமனையை விட்டு இரண்டு ஆண்டுகளில் ஐந்து மருத்துவர்கள் போய்விட்டார்கள், சம்பளத்தை உயர்த்தியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் குழந்தைகள் நல மருத்துவர். ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து மனம் வெறுத்து வெளியேறி, இன்னொன்றில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன்.

முதல் இடத்தில் பச்சிளம் குழந்தைகளின் இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கான புரோப் (பாதத்தில் கட்டும் உணர்கருவி) ஒன்றே ஒன்றுதான் வேலை செய்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. ஒரு நாள் இரவு குறைமாதக் குழந்தைகள் இரண்டு. ஆக்ஸிஜன் கூடினால் கண் கெடும், குறைந்தால் மூளை கெடும். செவிலியர் விடியும்வரை அந்த ஒரு புரோப்பை இந்தக் குழந்தையின் பாதத்திலிருந்து கழற்றி அந்தக் குழந்தையின் பாதத்தில் கட்டிக்கொண்டே இருந்தார். உட்காரவே இல்லை. இரண்டு குழந்தைகளும் பிழைத்தார்கள். அந்த வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு மருத்துவர் பெயருக்கு நேரேயும் அட்மிஷன் எண்ணிக்கையைத் திரையில் காட்டி, "இந்த மாதம் உங்களுக்குக் குறைந்திருக்கிறதே டாக்டர்" என்றார்கள். அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதினேன்.

இப்போதைய மருத்துவமனையில் சேர்ந்த முதல் மாதமே இதே புரோப்பைக் கேட்டேன். நிர்வாகி வார்டுக்கே வந்தார். முதலில் செவிலியரிடம் விசாரித்தார். நான்கே நாளில் புரோப் வந்தது. வென்டிலேட்டரும் கேட்டிருந்தேன். அதற்கு இந்த ஆண்டு பணமில்லை என்று கணக்கை எடுத்து என் முன் வைத்தார். கிடைக்காததற்காக எனக்கு வருத்தமே வரவில்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது அன்றுதான்.

மருத்துவரின் கைக்கு அவர் கற்ற வேலையை விட்டுவைப்பதும் முக்கியம். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு மேசையில் அறுவை சிகிச்சை முடியும்போது, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அந்த ஆயத்த வேலைகளைப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

சம்பளம் பொருட்டில்லை என்று சொல்லமாட்டேன். அதைவிட, கொடுத்த வாக்கு கிடப்பில் கிடப்பதுதான் மனத்தை முறிக்கிறது. தமிழக அரசு மருத்துவர்கள் 2019 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தபோது, மருத்துவர்களின் ஊதிய உயர்வு, பதவி உயர்வு பற்றி 2009-இல் வெளியான அரசாணை 354-ஐ முறையாக நடைமுறைப்படுத்துங்கள் என்பதும் அவர்களுடைய கோரிக்கை. மேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டையும் கேட்டார்கள். மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் பார்வையில், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இளம் மருத்துவர்களை மனமுவந்து போகவைப்பதில் அந்த ஒதுக்கீட்டுக்கு ஈடான திட்டம் இல்லை.

விலகிய ஐந்து பேரையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்கள் உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். போவதற்கு முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.