டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, மேஜையில் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளில் எதிரியைப் பலவீனமாக்கும் விதி எந்தப் பதிப்பில் நன்றாக இருக்கிறது?

என் வாக்கு பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்கு. கேள்வியில் உள்ள விளையாட்டுக்கு அது பங்காளி முறை. அதனால் முதலில் அண்ணனான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைப் பார்த்துவிடலாம்.

3.5 பதிப்பில் ரே ஆஃப் என்ஃபீபிள்மெண்ட் (பலவீனமாக்கும் கதிர்) முதல் லெவல் ஸ்பெல், அதாவது மந்திரம். கதிர் பட்டால் சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) கிடையாது, ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை எண்) நேராக இறங்கும். 18 இருந்தவன் 12க்கு வந்தால் போனஸ் +4 போய் +1. தாக்குதல், டேமேஜ், சுமை தூக்கும் அளவு எல்லாம் மாறும். இரு கை வாள் என்றால் டேமேஜில் அந்த போனஸுக்கு ஒன்றரை மடங்குக் கணக்கு வேறு. பவர் அட்டாக் என்ற சிறப்புத் திறனுக்கு ஸ்ட்ரெங்த் 13 வேண்டும், அதுவும் போச்சு. தர்க்கப்படி சரிதான். ஆனால் கேரக்டர் ஷீட்டை அழித்து எழுதி முடிப்பதற்குள் மேஜையில் பாதிப் பேர் ஃபோனை எடுத்துவிடுவார்கள்.

2008இல் வந்த நான்காம் பதிப்பு இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, வீக்கண்ட் (பலவீன நிலை) ஆனவனின் தாக்குதலுக்குப் பாதி டேமேஜ் என்றது. எளிமை. ஆனால் நம் ஆட்கள் வீக்கண்ட் ஆனால், ஏற்கெனவே நீளும் சண்டை இன்னும் இழுக்கும்.

2014இன் ஐந்தாம் பதிப்பில் அதே ஸ்பெல் இரண்டாம் லெவல். ஸ்ட்ரெங்த் வைத்து அடிக்கும் ஆயுதத் தாக்குதலுக்கு மட்டும் பாதி டேமேஜ். வளர்ந்த சிவப்பு டிராகன் மேல் போட்டுப் பாருங்கள். கடி பாதியாகும், சராசரி 63 டேமேஜ் தரும் தீமூச்சுக்கு ஒன்றும் ஆகாது. அதன் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ் +13, ஆகவே ஒரு டர்ன் முடிந்ததும் பெரும்பாலும் உதறிவிடும். இதற்குக் கான்சன்ட்ரேஷன் (மந்திரம் போட்டவர் கவனம் சிதறாமல் பிடித்துவைப்பது) வேறு! 2024 திருத்தம் பரவாயில்லை: எல்லா டேமேஜிலிருந்தும் 1டி8 (ஓர் எட்டுப் பக்கப் பகடை) கழியும், எதிரி சேவில் தப்பினாலும் அடுத்த தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது) உண்டு.

பாத்ஃபைண்டரில் என்ஃபீபிள்ட் (வலிமை குன்றிய நிலை) 2 என்றால் ஸ்ட்ரெங்த் சார்ந்த எல்லா உருட்டலிலும், டேமேஜிலும் 2 கழித்தால் போதும். ஸ்ட்ரெங்த் எண்ணைத் தொடவே வேண்டாம். ஃப்ரைட்டண்டும் (பயந்த நிலை) சேர்ந்தால்? இரண்டும் ஸ்டேட்டஸ் பெனால்ட்டி என்ற ஒரே வகைக் கழிவு, பெரியது மட்டும் கணக்கு. வெறும் 2தானே என்று தோன்றும். அங்கே தாக்குதல் உருட்டல் ஆர்மர் கிளாஸை (அடி படத் தேவையான எண்) விட 10 கூடினாலே கிரிட்டிக்கல் (இரட்டை டேமேஜ்). ஆகவே அந்த 2, எதிரியின் அடி படும் வாய்ப்பையும் கிரிட்டிக்கல் வாய்ப்பையும் சேர்த்தே குறைக்கிறது.

நீங்கள் 2014 விதியில்தான் ஆடுகிறீர்கள் என்றால், அந்த ஸ்பெல்லை டிராகனுக்கு வீணாக்காமல் ஹில் ஜயண்ட்டுக்கு வையுங்கள். அதன் கதாயுதம் சராசரி 18 டேமேஜ், டர்னுக்கு இரண்டு அடி. சேவ் வெறும் +4. உங்கள் டிசி (சேவில் எட்ட வேண்டிய எண்) 15 என்றால் பாதி வாய்ப்பில் அடுத்த டர்னுக்கும் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும்.