எந்த மொழியில் பேசுவார்கள் உங்கள் பாத்திரங்கள்?

நாடகம் எழுதுகிறவர்களும் எழுத நினைக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, எழுத உட்கார்ந்தால் முதலில் வரவேண்டியது கதையா, கருத்தா?

எது வந்தாலும் சரி, ஒரு குரல் காதில் விழாதவரை வசனம் நகராது. நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் எழுதியதை, பாட்ரிக் மகீ என்ற ஐரிஷ் நடிகர் வானொலியில் வாசித்தார்; அதைப் பெக்கெட் கேட்டார். அந்தக் களைத்த, கரகரத்த குரலுக்காகவே 1958இல் ஒரு நாடகம் எழுதினார். கிழவன் ஒருவன் தன் பழைய ஒலிநாடாக்களைத் தானே போட்டுக் கேட்கும் நாடகம் அது. குரல் ஆங்கிலம் பேசியது, நாடகமும் ஆங்கிலத்தில் வந்தது.

ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங் இன்னும் ஒரு படி மேலே போனவர். அயர்லாந்தின் விக்லோவில் தங்கியிருந்த வீட்டின் தரை இடுக்கு வழியே, கீழே சமையலறையில் வேலைக்காரப் பெண்கள் பேசியதைக் கேட்டது எந்தப் படிப்பையும்விட உதவியது என்று தன் நாடகம் ஒன்றின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். ஒட்டுக்கேட்பது நம் தொழிலில் குற்றமில்லை.

தாய்மொழியில் எழுதினால்தான் உண்மையாக இருக்கும் என்கிறார்களே?

எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கார்னாடின் தாய்மொழி கொங்கணி. ஆங்கிலக் கவிஞராக வேண்டும் என்பதுதான் அவருடைய இளவயதுக் கனவு. ஆக்ஸ்போர்டுக்குப் புறப்படவிருந்த நேரத்தில், வீட்டில் இருந்த இறுக்கத்துக்கு நடுவே, ‘யயாதி’ வந்தது, அதுவும் கன்னடத்தில். அவருக்கே அது ஆச்சரியம். தகப்பனின் முதுமையை மகன் சுமக்கும் கதை ஏன் அப்போது பிடித்துக்கொண்டது என்பது பின்னால்தான் அவருக்குப் புரிந்தது. சொந்த வாழ்க்கை நாடகத்துக்குள் பெரும்பாலும் இப்படித்தான் வேஷம் கட்டிக்கொண்டு நுழையும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெக்கெட்டின் ‘கோடோ’ நாடகம் பிரெஞ்சில் எழுதப்பட்டு 1953 ஜனவரியில் பாரிஸில் மேடையேறியது. தாய்மொழி கையோடு கொண்டுவரும் அலங்காரங்களை உதறுவதற்கு அந்நிய மொழி அவருக்கு உதவியது. அப்புறம் ஆங்கிலத்துக்கு அவரே மாற்றினார்.

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ எதிர்த்திசையில் போனார். ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கியவர், 1977இல் கூகி வா மிரீயுடன் சேர்ந்து தன் தாய்மொழியான கிக்குயுவில் ஒரு நாடகம் எழுதினார். கமிரீத்து கிராமத்து விவசாயிகளும் தொழிலாளிகளுமே நடித்தார்கள். ஒத்திகையில் வசனத்தையும் திருத்தினார்கள். கென்ய அரசு நாடகத்தைத் தடுத்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் அவரைக் கைது செய்து, விசாரணையே இல்லாமல் ஏறத்தாழ ஒரு வருடம் அடைத்துவைத்தது. ஆங்கிலத்தில் அவர் செய்த விமர்சனத்தைச் சகித்துக்கொண்டவர்களால், வயலில் வேலை செய்கிறவர்களுக்குப் புரிகிற மொழியில் அது வந்தபோது தாங்க முடியவில்லை.

எந்த மொழியில் என்று முடிவு செய்யும் முன், அரங்கின் இருட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று பாருங்கள். பிறந்த வீட்டு மொழி எது என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? எங்கள் குழு இதில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது, சார்.

பிளவு பழையது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது பாட்டு. அதனால் நாடகமே பாட்டைச் சுற்றி அமைந்தது. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் நடிகர்கள் வேறு. படித்து, உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஆசைக்கு நடித்தவர்கள். அங்கே உரைநடை வசனம் ஓங்கியது. யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தவர் க. கணபதிப்பிள்ளை. அவர் மொழியியல் அறிந்த தமிழ்ப் பேராசிரியர். பேச்சுமொழிக்கும் இலக்கணம் உண்டு என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரே நாடகத்துக்குள் இரண்டும் இருக்கலாம். சமஸ்கிருத நாடகங்களில் அரசன் சமஸ்கிருதம் பேசுவான். பெரும்பாலான பெண்களும் ஏவலாட்களும் பேச்சுவழக்கு மொழியான பிராகிருதம் பேசுவார்கள். அரசனின் கோமாளித் தோழனான விதூஷகன் பிராமணனாக இருந்தும் பிராகிருதம்தான். யாருக்கு எந்த மொழி என்பதே அங்கே அதிகாரக் கணக்கு. இன்றைக்கும் அந்தக் கணக்கு போகவில்லை. வீட்டில் ஒரு மாதிரி, மேலதிகாரி முன்னால் ஒரு மாதிரி பேசுகிறவனை இரண்டு இடத்திலும் ஒரே தமிழில் பேசவிட்டால், உங்கள் நாடகம் அவனைப் பற்றிப் பாதிதான் சொல்கிறது.

குழுவில் ஓட்டெடுக்க வேண்டாம். நடிகரை எழுப்பி நிற்கவைத்து, நடந்துகொண்டே சொல்லச் சொல்லுங்கள். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியம் தவறு.

வட்டார வழக்கு மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா?

சொல் புரியாவிட்டால் உடம்பு புரியவைக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கதை திரும்புகிற வசனத்தில் அரிய சொல்லை வைக்காதீர்கள்.

செய்யுளில் ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் கடந்த வேலையா?

படிப்பதற்கா, நடிப்பதற்கா? சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ 1891இல் படிப்பதற்கென்றே வந்த செய்யுள் நாடகம். அதன் வாழ்த்துப் பாடலைப் பாடாத பள்ளிப் பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை; நாடகத்தை முழுதாகப் படித்தவர்கள்தான் குறைவு. நார்வே நாடகாசிரியர் இப்சன் 1867இல் ‘பேர் கிந்த்’தைச் செய்யுளில் எழுதினார். 1879இல் ‘பொம்மை வீடு’ வரும்போது அன்றாட உரைநடைக்கு வந்திருந்தார். பணக்கடனையும் கையெழுத்தையும் பற்றிக் கணவனும் மனைவியும் யாப்பில் பேசினால் யார் நம்புவார்கள்? உங்கள் பாத்திரங்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லவில்லையே நீங்கள்.

இன்னொருவருடைய நாடகத்தின் சாயல் என் எழுத்தில் விழுகிறது. பயமாக இருக்கிறது.

விழட்டும். ‘மனோன்மணீய’த்தின் கதையே லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதை ஒன்றிலிருந்து பிறந்தது. 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைப் பார்த்த ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், பார்வையாளரைக் கதையில் கரையவிடாமல் விலக்கி நிறுத்தும் தன் கொள்கைக்கு அதில் ஆதாரம் கண்டார். ந. முத்துசாமி தெருக்கூத்தைப் பார்த்து, அதன் உடல்மொழியை நவீன நாடகத்துக்குள் எடுத்துவந்தார். எழுதப்பட்ட வசனத்தை நகல் எடுத்தால்தான் திருட்டு. மேடையைக் கையாளும் விதத்தைக் கற்றுக்கொள்வது எல்லோரும் செய்வது.

தணிக்கைக்குப் பயந்து எழுதினால் நாடகம் கெட்டுப்போகாதா, தோழர்?

கெட்டும் போகும், சில சமயம் கூர்மையும் ஆகும். ஆங்கிலேய அரசு 1876இல் நாடகங்களைத் தடைசெய்ய ஒரு சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கீழேதான் நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்று, வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடினார். புராணக் கதை தெரிந்த கூட்டத்துக்கு யார் கொக்கு என்று விளக்கவேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் பலமுறை சிறைக்குப் போனார் என்பதையும் மறக்கக்கூடாது. தணிக்கை கலையை வளர்க்கும் என்று பேசுகிறவர்கள் பொதுவாக அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

நடிகர் எண்ணிக்கை எழுத்தைப் பாதிக்குமா?

நிச்சயமாக. பழைய கிரேக்க நாடகத்தில் எஸ்கிலஸ் இரண்டாவது நடிகரைச் சேர்த்தார், சோஃபக்ளிஸ் மூன்றாவதை என்கிறார் அரிஸ்டாட்டில். மூன்றாமவர் வந்ததும், இருவர் பேசுவதை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்க முடிந்தது. சோஃபக்ளிஸின் ஈடிபஸ் மன்னன் தன் பிறப்பைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்க, உண்மை தெரிந்துவிட்ட அவன் மனைவி யொகாஸ்டா பேசாமல் நிற்பாளே, அந்தக் காட்சி இரண்டு நடிகரோடு நடக்காது.

என் பாத்திரங்கள் எல்லாரும் என்னைப் போலவே பேசுகிறார்கள். என்ன செய்வது?

பெயர்களை மறைத்துவிட்டு ஒரு பக்கத்தை வேறொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். யார் பேசுகிறார்கள் என்று அவரால் சொல்ல முடியாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் ஆளுக்கு ஒரு வழக்குச் சொல்லை ஒட்டவைப்பது வேஷ்டிக்கு மேல் கோட்டு மாட்டுவது மாதிரிதான் இருக்கும். அதைவிட, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவர் யார், வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறவர் யார், மன்னிப்பைக்கூடக் கட்டளையாகச் சொல்கிறவர் யார் என்று பிரித்துப் பாருங்கள். ஒருவருக்கு இதில் ஒன்று போதும். மாற்றி எழுதியதை வேறு ஒருவரிடம் கொடுங்கள்; முதலில் வாசித்தவருக்கு விடை தெரிந்துபோயிருக்கும்.